மாப்பிள்ளைத் தோழர்களுக்குப் பேர் வெட்டிய பைப் கொடுக்கலாமா? யோசனை சொல்லுங்கள்

குண்டளைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி இரண்டாம் வாரம் எனக்குக் கல்யாணம், மூணாறு சிஎஸ்ஐ கோயிலில். பெண் வீடு போடிநாயக்கனூர். எங்கள் பக்கம் முன்பெல்லாம் மாப்பிள்ளைத் தோழன் என்று ஒருவன்தான் பக்கத்தில் நிற்பான். இப்போது நான்கைந்து பேர் ஒரே மாதிரி கோட்டுப் போட்டு நிற்பது வழக்கமாகிவிட்டது. என் ஐந்து பேரும் ஒரே லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், என்னோடு வளர்ந்தவர்கள். அதனால் கடையில் பார்த்ததை வாங்கிக் கொடுக்க மனசு வரவில்லை.

புகைக்கும் பைப், அதாவது சுங்கான், கொடுக்கலாம் என்று தோன்றியதற்குக் காரணம் தாத்தா. அவர் எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்தார். துரை சீமைக்குத் திரும்பும்போது தன் சுங்கானைத் தாத்தா கையில் கொடுத்துவிட்டுப் போனார். தாத்தா அதில் ஒருநாள்கூடப் புகை பிடித்ததில்லை. ஆனால் மாதம் ஒருமுறை தகரப் பெட்டியைத் திறந்து, கோழி இறகைக் குழாய்க்குள் விட்டுத் துடைத்து, திரும்ப வைப்பார். வாயில் வைக்கும் கறுப்புப் பகுதியில் துரையின் பல் தடம் இன்னும் இருக்கிறது. அதற்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளி வளையம், அதில் தேய்ந்துபோன இரண்டு எழுத்து.

அந்த மாதிரி ஐந்து பைப் வாங்கி, ஆளுக்கொரு பேர் வெட்டி, கோயில் வாசலில் ஐந்து பேரும் பைப்போடு ஒரு படம் எடுக்க ஆசை. எந்த மரம் வாங்குவது, பேரை எங்கே வெட்டுவது, எவ்வளவு நாள் முன்னால் சொல்ல வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிரையர்_வேர்:
வாழ்த்துகள் தம்பி. நான் கொச்சியில் இருக்கிறேன், இருபது வருடமாகப் பைப் பிடிக்கிறேன், கொஞ்சம் சேகரிப்பும் உண்டு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

நல்ல பைப் என்றால் பிரையர் மரம். மரம் என்று சொன்னாலும் அது ஒரு புதர்ச் செடி, எரிகா அர்போரியா என்று பெயர். மத்தியதரைக் கடலைச் சுற்றி இத்தாலி, கோர்சிகா, கிரீஸ், அல்ஜீரியா பக்கம் வளர்வது. தண்டும் வேரும் சேரும் இடத்தில் கிழங்கு மாதிரி ஒரு முண்டு திரளும். அதைத் தோண்டி எடுத்து, அறுத்து, மணிக்கணக்கில் தண்ணீரில் வேகவைத்துச் சாறு நீக்கி, மாதக்கணக்கில் நிழலில் காயவைப்பார்கள். உள்ளே நெருப்பு இருந்தாலும் புகையிலை வைக்கும் கிண்ணம் சட்டென்று கருகாமல் தாங்குவது அதனால்தான். பிரான்சில் செயின்ட் கிளாட் என்ற மலையூர் இந்தத் தொழிலுக்குப் பெயர் போனது. டப்ளினில் பீட்டர்சன் என்ற கம்பெனி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து செய்கிறது.

அடுத்து மீர்ஷாம். அது வெள்ளைக் கல், துருக்கியில் எஸ்கிஷெஹிர் பக்கம் மண்ணுக்கடியில் கிடைப்பது. புகைக்கப் புகைக்க வெள்ளை மஞ்சளாகி, பிறகு தேன் நிறத்துக்கு வரும். பார்க்க அழகு, கீழே விழுந்தால் போச்சு. மலிவாக வேண்டும் என்றால் சோளத்தக்கையில் செய்த பைப். அமெரிக்காவில் மிசௌரியில் 1869லிருந்து செய்கிறார்கள். புகைக்க அருமையாக இருக்கும், ஆனால் பேர் வெட்டிக் கொடுக்கும் பொருள் அல்ல.

வாய்ப்பகுதியில் இரண்டு வகை உண்டு. ஒன்று எபோனைட், கடினமாக்கிய ரப்பர். பல்லுக்கு இதமாக இருக்கும், ஆனால் வெயில் பட்டால் பச்சையும் மஞ்சளுமாக வெளுக்கும். உங்கள் தாத்தா பைப்பும் அப்படி வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று அக்ரிலிக். வெளுக்காது, கொஞ்சம் கெட்டி. எப்போதாவது எடுப்பவருக்கு அக்ரிலிக்தான் சரி.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி. உங்கள் ஐந்து பேரில் எத்தனை பேர் பைப் பிடிப்பவர்கள்?

மறையூர்வாசி:
வெளிநாட்டு மரம் எதற்கு? நம் ஊரிலேயே ஈட்டி மரத்தில் பைப் கிடைக்கிறதே. சந்தனத்தில் செய்தால் வாசனையாகவும் இருக்கும். நம் மண்ணின் பொருள் என்று ஒரு பெருமையும் உண்டு.

பிரையர்_வேர்:
மறையூர்க்காரர் சந்தனம் என்று சொல்வதில் உள்ள ஆசை புரிகிறது. ஆனால் சந்தனம் எண்ணெய் நிறைந்த மரம், நெருப்பு வைக்கும் கிண்ணத்துக்கு ஆகாது. சட்டப்படி வாங்கிய கட்டைதானா என்ற கேள்வியும் கூடவே வரும். சந்தனக் காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் உங்களுக்கே அது நன்றாகத் தெரியும்.

ஈட்டியில் நான் பட்டிருக்கிறேன். சுற்றுலாக் கடை ஒன்றில் ஆசையாக ஒன்று வாங்கினேன். யானைத் தலை செதுக்கி, மேலே பளபளவென்று வார்னிஷ். பற்றவைத்துப் பத்து நிமிடத்தில் கிண்ணத்தின் விளிம்பில் வார்னிஷ் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. வாயில் பெயின்ட் கடை வாசனை. சாயங்காலம் வரை நாக்கு எரிந்தது. அலமாரியில் வைக்க அது போதும், வாயில் வைக்கும் பொருளாகக் கொடுக்காதீர்கள். பிரையருக்கு மேலே மெழுகுதான் தேய்ப்பார்கள், கெட்டியாக வார்னிஷ் அடித்திருந்தால் வாங்க வேண்டாம்.

வார்டு_நர்ஸ்:
தம்பி, கல்யாண நேரத்தில் இதைச் சொல்கிறேனே என்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் திருவனந்தபுரத்தில் புற்றுநோய் வார்டில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் பாறசாலைக்குப் பக்கம். பைப் புகையை நுரையீரலுக்குள் இழுப்பதில்லை, அதனால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் புகை வாயிலேயே தங்குகிறது. உதடு, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம், தொண்டை, இங்கெல்லாம் வரும் புற்றுநோய்க்குப் பைப்பும் காரணம்.

எங்கள் மாவட்டத்தில் 1996ல் 13 பஞ்சாயத்துகளை எடுத்து, வீடு வீடாகப் போய் வெறும் கண்ணால் வாயைப் பார்த்து ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். 2005ல் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களில், இப்படி வாயைச் சோதித்துப் பார்த்த ஊர்களில் வாய்ப்புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதனால் ஏற்கெனவே பழக்கம் உள்ள உங்கள் நண்பர்களிடம், வருடத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டச் சொல்லுங்கள்.

பழக்கம் இல்லாதவன் கையில் நீங்களாகப் பைப்பைக் கொடுக்காதீர்கள், இதுதான் நான் கேட்டுக்கொள்வது. அந்தக் கோயில் வாசல் படமும் வேண்டாம் தம்பி. கல்யாணப் படத்தை லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் பார்ப்பார்கள். பொது இடத்தில் புகைப்பதைக் கேரள உயர் நீதிமன்றம் 1999லேயே தடுத்தது, நாடு முழுக்க 2008 அக்டோபர் 2லிருந்து தடை. மண்டபத்திலும் யாரும் பற்றவைக்க முடியாது.

குண்டளைக்காரன்:
அக்கா, தப்பாகவே எடுக்கவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். ஐந்து பேரில் பைப் பிடிப்பவர்கள் இரண்டே பேர். ஒருவன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர், அங்கேதான் பழகினான். இன்னொருவன் எஸ்டேட்டில் உதவி மேனேஜர். மூன்றாமவன் ஜீப் ஓட்டுகிறான். அவன் அப்பாவுக்குத் தொண்டையில் வந்த பிறகு பீடியை விட்டு நான்கு வருடம் ஆகிறது. மற்ற இருவரும் தொட்டதே இல்லை. ஜீப்காரனுக்குப் பைப் கொடுக்க நினைத்தேனே என்று இப்போது எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஐந்தும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில் ஆட்களை மறந்துவிட்டேன்.

படம் வேண்டாம், விட்டுவிட்டேன். ஆனால் அந்த இரண்டு பேருக்குப் பைப் கொடுக்க ஆசை இன்னும் இருக்கிறது. மற்ற மூவருக்கும் என்ன கொடுப்பது? ஒருவர் கையில் இருப்பதைப் பார்த்து இன்னொருவர் மனம் சுருங்கக் கூடாது.

புத்தூர்_ரகு:
ஆந்திரா பக்கம் புத்தூரிலிருந்து எழுதுகிறேன். என் கல்யாணத்தில் தோழர்கள் ஆறு பேருக்கும் ஒரே மாதிரி, ஒரே எழுத்தில், என் பேரும் என் மனைவி பேரும் தேதியும் வெட்டிக் கொடுத்தேன். பைப் இல்லை, வெள்ளிச் சிமிழ். எட்டு வருடம் ஆகிறது. ஒரு வீட்டில்கூட அது வெளியே இருந்து நான் பார்த்ததில்லை. அவர்கள் பேரை வெட்டியிருக்க வேண்டும், என் பேரை அல்ல. இதை மட்டும் சொல்லத் தோன்றியது.

கொழிஞ்சாம்பாறை_பத்தர்:
ரகு சொன்னது ரொம்பச் சரி. எங்கள் பொன், வெள்ளித் தொழிலில் தினமும் பார்க்கிறோம். சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டுவது எதற்கு? பத்து வீட்டுப் பாத்திரம் ஒரு பந்தியில் கலந்தாலும், இது யாருடையது என்று தெரிய. கொடுத்தவர் பேர் அடியில் சின்னதாக இருக்கும், பெறுகிறவர் பேர்தான் கண்ணுக்குத் தெரியும் இடத்தில்.

பைப்பைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் பொள்ளாச்சி பக்கம் ஒரு தோட்டக்காரர் தன்னுடையதை இரண்டு முறை கொண்டுவந்திருக்கிறார், அதற்குப் பூண் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் வெள்ளி வளையம் என்று எழுதுவது பூண்தான். கைத்தடிக்கும் உலக்கைக்கும் போடுகிற அதே பூண். மரம் வாய் பிளக்காமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. பேர் வெட்டவும் அதுதான் இடம்.

மரத்தின் மேலேயே வெட்டலாமா என்றால், வேண்டாம். நெருப்புப் பக்கம் சூடேறும், கைபட்டுக் கறுக்கும், மூன்று வருடத்தில் எழுத்து மங்கிவிடும். பூண் போடுங்கள். சுத்த வெள்ளி குழையும், அதனால் நூற்றுக்கு தொண்ணூற்றிரண்டரை வெள்ளி, மீதி செம்பு. அரை மில்லி கனத் தகடு, எட்டு மில்லி அகலம் இருந்தால் நன்றாக நிற்கும். கிண்ணத்திலிருந்து நீளும் மரக் காம்பைச் சுற்றி நூல் போட்டு அளவெடுப்போம். பூணைத் தனியாகப் பற்றவைத்து, ஆறவிட்டு, தேய்த்து மெருகு போட்ட பிறகுதான் மரத்தில் ஏற்றுவது. மரத்தில் வைத்து ஒருநாளும் பற்றவைக்கக் கூடாது. ஒரு மயிரிழை சின்னதாகச் செய்து, மரச்சுத்தியால் தட்டித் தட்டி ஏற்றினால் பசையே வேண்டாம்.

இனி எழுத்து. எட்டு மில்லி பூணில் ஓரம் விட்டால் எழுத்துக்கு நான்கு, ஐந்து மில்லிதான் கிடைக்கும். இங்கிலீஷ் எழுத்து கோடுகோடாக வந்துவிடும். தமிழ் எழுத்துக்குச் சுழி உண்டு. ண, ன, ற எல்லாம் அந்த அளவில் உளியால் வெட்டினால் சுழி அடைந்துபோகும். பாத்திரக் கடை மெஷினில் புள்ளி புள்ளியாக அடிப்பார்கள், அது ஓடின மாதிரி இருக்கும், இதற்கு ஒத்துவராது. கையால் வெட்டுபவரிடம் கொடுங்கள், பேரின் முதல் இரண்டு எழுத்துக்கு மேல் கேட்காதீர்கள். சுழியை முதலில் வெட்டிவிட்டு, பிறகு கோடு. அரக்கில் பதித்துப் பிடித்தால்தான் கை நழுவாது. வெட்டிய குழியில் கந்தகப் புகை காட்டிக் கறுக்கவைத்து, மேல்மட்டத்தை மட்டும் தேய்த்தால் எழுத்து பளிச்சென்று நிற்கும்.

உங்கள் தாத்தா பூணில் வேறு சின்ன முத்திரைகள் இருக்கிறதா? படம் போடுங்கள்.

குண்டளைக்காரன்:
பத்தரண்ணே, படம் போட்டிருக்கிறேன். எழுத்துக்கு எதிர்ப்பக்கம் மூன்று முத்திரை, பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரிகிறது. ஒன்று நங்கூரம் மாதிரி, ஒன்று நடக்கிற சிங்கம், மூன்றாவது தேய்ந்த ஓர் எழுத்து.

பிரையர்_வேர்:
நங்கூரம் என்றால் பர்மிங்காமில் சோதித்த வெள்ளி. கடலுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் அதுதான் அந்த ஊர் முத்திரை. சிங்கம் 925 வெள்ளி என்பதற்கு, பத்தர் சொன்ன அதே தொண்ணூற்றிரண்டரை. மூன்றாவது எழுத்து வருடத்தைக் குறிக்கும், சுத்தமாகத் தெரிந்தால் எந்த வருடம் என்று பட்டியலில் பார்த்துவிடலாம். தேய்க்காதீர்கள் தம்பி, இனிமேல் துணி மட்டும் போதும்.

குண்டளைக்காரன்:
மூன்று பேருக்கும் என்ன என்று அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். "அவனுங்க அப்பனுங்க மூணு பேரும் கவ்வாத்துக்காரங்கதானே, கவ்வாத்துக் கத்தி கொடு" என்றார். கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைச் செடியை நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை இடுப்புக்குக் கீழே மட்டமாக வெட்டிவிடுவார்கள். அதுதான் கவ்வாத்து. கத்தி நுனியில் வளைந்திருக்கும். ஒரே வீச்சில் சாய்வாக விழ வேண்டும், கிளை பிளந்தால் மழைத்தண்ணீர் இறங்கிச் செடி அழுகும். இப்போது பெரும்பாலும் மெஷின் வந்துவிட்டது. எங்கள் அப்பாக்கள் காலத்துக் கத்திகள் தேய்ந்து பாதி அகலமாகக் கிடக்கின்றன.

போடியில் ஒரு கொல்லர் செய்து தருகிறேன் என்றிருக்கிறார். பிடிக்குத் தேயிலைக் கட்டை போடலாமா? பழைய செடியைப் பிடுங்கிய இடத்தில் நிறையக் கிடக்கிறது. பத்தரண்ணே, கத்திப் பிடிக்கும் பைப்புக்கும் ஒரே மாதிரி பூண் போட முடியுமா?

கொழிஞ்சாம்பாறை_பத்தர்:
தாராளமாக. ஐந்துக்கும் ஒரே தகட்டில் வெட்டுகிறேன். பிடி தடிமனாக இருக்கும், சுற்றளவு கூடும், அகலம் அதே எட்டு மில்லி. கட்டை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பச்சையாக இருந்தால் சுருங்கிப் பூண் ஆடும். பைப்புகள் வந்த பிறகு ஐந்தையும் ஒன்றாக எடுத்து வாருங்கள். வேலந்தாவளம் செக்போஸ்ட் வழியாக வந்தால் பஸ் எளிது. ஆள் வராமல் பார்சலில் அனுப்பினால் அளவு தப்பும்.

பிரையர்_வேர்:
அருமையான யோசனை அம்மாவுடையது. பிரையரும் செடியின் அடிமுண்டு, நீங்கள் போடும் பிடியும் செடியின் அடிக்கட்டை. பிடிக்கு நல்லது, நெருப்பு மட்டும் வைக்க வேண்டாம்.

இப்போது அந்த இரண்டு பைப். பூண் இல்லாத, காம்பு உருண்டையான வடிவமாக வாங்குங்கள். சதுரக் காம்பு, கரடுமுரடாகக் குத்திய மேற்பரப்பு என்றால் பூண் உட்காராது. கப்பல்காரருக்கு வளைந்த பைப், பல்லில் கனம் தெரியாது. மேனேஜர் தம்பிக்குப் பில்லியர்ட் என்ற நேரான வடிவம், சுத்தம் செய்யச் சுலபம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பரிசுப் பொருள் என்று எழுதினாலும் தீர்வை கட்ட வேண்டும், 2019 டிசம்பருக்குப் பிறகு அந்தச் சலுகை இல்லை. பார்சல் சுங்கத்தில் வாரக்கணக்கில் நிற்கும், இன்றே சொல்லிவிடுங்கள். கப்பல்காரர் நண்பர் என்பதால் அவரிடமே வாங்கிவரச் சொல்லாதீர்கள், அவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் பரிசு.

கூடவே கிண்ணத்தில் புகையிலையை அமுக்கும் சின்னக் கம்பி, குழாயைத் துடைக்கும் பஞ்சுக்குச்சி ஒரு கட்டு. புகையிலை வைக்காதீர்கள். சூடாக இருக்கும்போது வாய்ப்பகுதியைக் கழற்றக் கூடாது என்று ஒரு சீட்டில் எழுதிவையுங்கள். மூணாறு மழைக்கு மூடிய பெட்டியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதையும் எழுதுங்கள்.

வார்டு_நர்ஸ்:
அந்தச் சீட்டில் என் வரியையும் சேர்த்துவிடுங்கள் தம்பி: வருடத்துக்கு ஒருமுறை வாயைக் காட்டு. உங்கள் கையெழுத்தில் இருந்தால் கேட்பார்கள்.

கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்காதீர்கள். எங்கள் பக்கம் கீழே வைப்பார்கள், அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குண்டளைக்காரன்:
கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று இன்று உட்கார்ந்தேன்.

பைப் இரண்டும் வந்து சேர்ந்தது டிசம்பர் கடைசியில். சுங்கத்தில் மூன்று வாரம் நின்றது, பிரையர் அண்ணன் அவசரப்படுத்தியது நல்லதாகப் போயிற்று. பத்தரண்ணன் வீட்டில் ஒரு முழுநாள் இருந்தேன். ஒரு பூண் ஏறவில்லை, அவர் கழற்றி உள்பக்கம் இரண்டு இழை தேய்த்து மறுபடி தட்டினார். மரத்தில் ஒரு கீறல் விழவில்லை. கூலியாகச் சொன்னதைவிட ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தைய ராத்திரி, நல்ல பனி, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அம்மா ஒரு பலகையைப் போட்டு ஐந்தையும் வரிசையாக வைத்தார். பூண் ஐந்தும் ஒரே மாதிரி மின்னியது, அதனால் யாரும் பைப், கத்தி என்று பிரித்துப் பார்க்கவில்லை. தங்கள் எழுத்தைத்தான் தேடினார்கள். கப்பல்காரன் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஊரில் இருக்கும்போதே காட்டிவிட்டுப் போகிறேன் என்றிருக்கிறான், அக்கா.

ஜீப்காரன் கத்தியை எடுத்து ஒன்றும் பேசாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தான். ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குப் பேச்சு சரியாக வராது. மறுநாள் விடியற்காலையில் நான் கோயிலுக்குக் கிளம்பும்போது, அவர் லயத்து வாசலில் குந்தி உட்கார்ந்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து அதைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். பூணில் தண்ணீர் படாமல் ஒரு துணி சுற்றியிருந்தது.